வாய்க்கரிசி

லாயாங் லாயாங், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

என் கண்ணான மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "சோறு இறங்கல அத்தை, கையை எத்தன தடவ கழுவினாலும் அந்த ஃபார்மலின் வாடை போகல" என்றாய். அது நாலு நாளில் பழகிவிடும். ஆனால் கடைசியாக, உங்கள் உடற்கூறு வகுப்பு மேசையில் கிடக்கிற உடலைப் பற்றி ஒன்று கேட்டாயே, "அந்த மனுஷர் சரின்னு சொல்லித்தான் இங்க வந்திருப்பாரா?" என்று, அதற்கு எனக்கு வாய் வரவில்லை. "நல்லா சாப்பிடு, சாமிய நினைச்சிட்டுப் படு" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், கேள்வி கேட்ட பிள்ளைக்கு இப்படியா பதில் சொல்வது என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக வரும். லீவு நாளில் பசியாறிவிட்டு நிதானமாகப் படி.

முதலில் ஒரு வீட்டுக் கதை. உன் அப்பாவுக்கு அப்போது இரண்டு வயசு, அவனுக்கு ஞாபகம் இருக்காது. உன் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசருக்குக் கையாளாக இருந்தார். மேட்டு லயத்துக் கடைசி வீட்டில் ஒரு தனிக்கட்டை இருந்தார். வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். ஊரில் ஒரு அக்காள் மட்டும் இருந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி மணியார்டர் அனுப்புவார். எங்களுக்கெல்லாம் அவர் மேட்டு லயத்து மாமா. பால்மரம் வெட்டி முடித்து, பாலை ஊற்றிவிட்டு வந்தாரென்றால் எங்களுக்குப் பட்டம் கட்டித் தருவதுதான் வேலை. ஊர்ப் பேருக்கே மலாயில் பட்டம் என்றுதானே அர்த்தம், அதனால் இங்கே பட்டம் விடாத பிள்ளை இருக்கக்கூடாது என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச்சளி முற்றி, தோட்டத்து லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை. மூன்று வாரம் கழித்து ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்தது, ஆள் தவறிவிட்டார் என்று. தாத்தாவும் லயத்து ஆட்கள் இரண்டு பேரும் மறுநாள் வண்டியில் போனார்கள். பாட்டி ஒரு கோடி வேட்டியை மடித்து, வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து அதன் மேல் வைத்துக் கொடுத்தாள். நான் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். வேட்டியின் மடிப்பு கலையவில்லை. அரிசி முடிச்சு அவிழவில்லை. அவர் இறந்தே பத்து நாளைக்கு மேல் ஆகியிருந்தது. அங்கிருந்த கிராணி ஒரு பேரேட்டைப் புரட்டி, உறவினர் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்ததைக் காட்டினாராம். உடலை அனுப்பியாயிற்று என்றாராம். எங்கே என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. தாத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ நாங்க?"

சவக்காட்டில் புதைத்தார்களா, படிக்கிற பிள்ளைகளின் மேசைக்குப் போனதா, இன்றுவரை தெரியாது. பாட்டி அந்த அரிசியை உலையில் போடவில்லை. செம்பருத்திச் செடியடியில் கொட்டிவிட்டு, அன்றைக்குப் பூராவும் யாரோடும் பேசவில்லை.

கேட்பாரற்ற பிணம் என்று எழுதுகிறார்களே, அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த மடிப்புக் கலையாத வேட்டிதான் கண்ணில் நிற்கும். கேட்க ஆள் இருந்தது. ரயிலேறிப் போய்ச் சேர நேரமானது, அவ்வளவுதான். நீ படிக்கிற படிப்பின் பழைய கதையைத் தேடித் தேடி நான் படித்ததற்கும் இதுதான் காரணம். எங்கே திரும்பினாலும், மேசையில் கிடந்தது அநேகமாக "முடியாது" என்று சொல்ல வழியில்லாத ஆளாகவே இருந்தது.

சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில், பிணத்தை வைத்து உடலை அறிந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. உறுப்புக் குறையாத, நஞ்சால் சாகாத, நெடுநாள் நோயில் கிடக்காத, மிகவும் முதுமை அடையாத ஓர் உடலை எடுக்க வேண்டும். புல்லாலும் மரப்பட்டையாலும் சுற்றி, கூண்டுக்குள் வைத்து, மறைவான ஓர் ஓடையில் ஏழு இரவு ஊறவிட வேண்டும். பிறகு வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் தோலிலிருந்து ஒவ்வொரு படலமாக மெல்லத் தேய்த்து எடுத்து, கண்ணால் பார்க்க வேண்டும். கத்தி கிடையாது. நாம் பந்தலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கிற அதே வெட்டிவேர். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கவனம்! எப்படிப்பட்ட உடல் வேண்டும் என்று இத்தனை விவரம் சொன்ன இடத்தில், அதை யாரிடம் கேட்டு வாங்குவது என்று நான் தேடினேன். அது இல்லை.

ஐரோப்பாவில் கேலன் என்ற பழங்கால வைத்தியர் எழுதியதை ஆயிரத்து முன்னூறு வருஷம் வேதமாக வைத்திருந்தார்கள். அவர் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்கும் பன்றியும். 1543இல் வெசாலியஸ் என்ற வைத்தியர் தன் கையாலேயே மனித உடலை அறுத்துப் பார்த்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான், கேலன் சொன்னதுபோல் இரண்டு இல்லை என்றெல்லாம் எழுதிப் புத்தகம் போட்டார். அந்தப் புத்தகத்தின் முகப்புப் படத்தை நீ கட்டாயம் பார்த்திருப்பாய். கூட்டம் முண்டியடிக்க, நடுவில் வயிறு திறந்து ஒரு பெண் கிடப்பாள். அந்தப் புத்தகத்திலேயே வெசாலியஸ் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். தூக்குத் தண்டனைக்குப் பயந்து தான் கர்ப்பமாக இருப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். மருத்துவச்சிகளை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இல்லை என்று தெரிந்ததும் தூக்கிலிட்டார்கள். அங்கிருந்து மேசைக்கு வந்தாள். கர்ப்பப்பையைப் பற்றி உலகம் சரியாகத் தெரிந்துகொண்டதில் அவளுக்குப் பங்கு உண்டு. பேர்தான் இல்லை.

ஜப்பானிலும் இதே கதைதான். 1771இல் சுகிதா கென்பாகு என்ற வைத்தியரும் அவர் சிநேகிதர்களும் ஒரு டச்சு உடற்கூறு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கொலைக்களத்தில் ஒரு பெண்ணின் உடலை அறுப்பதைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இருப்பது அப்படியே உடலில் இருப்பதைக் கண்டு, அதை மொழிபெயர்த்து 1774இல் வெளியிட்டார்கள். ஜப்பானில் மருத்துவமே அதிலிருந்து திசை திரும்பியது. அன்றைக்குக் கத்தி பிடித்து, இது ஈரல், இது நுரையீரல் என்று தொட்டுக் காட்டியவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த 90 வயதுக் கிழவர். அந்தப் பெண்ணை "பச்சைத் தேயிலைக் கிழவி" என்று ஒரு பட்டப்பெயரால் மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மேசையிலும் யாரோ அவருக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள் என்று சொன்னாயே. பயத்தில் சிரிக்கிற வயசுதான், அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ அந்தப் பெயரைச் சொல்லாதே. ஐயா என்று சொல். பேர் தெரியாத பெரியவரை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம்.

எடின்பரோவில் நடந்ததை உன் வாத்தியாரே சொல்லியிருப்பார். 1828இல் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் 16 பேரைக் கொன்று, பிணம் ஒன்றுக்கு எட்டுப் பவுனிலிருந்து பத்துப் பவுன் வரை வாங்கிக்கொண்டு டாக்டர் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றார்கள். செத்தவர்கள் எல்லாரும் ஏழைகள், ஒண்டிக் குடித்தனக்காரர்கள், தெருவில் திரிந்தவர்கள். ஜேமி வில்சன் என்று செருப்பில்லாமல் ஊரைச் சுற்றிவந்த ஒரு பையன், கொஞ்சம் புத்தி மந்தம், ஊருக்கே அவனைத் தெரியும். மேசையில் பார்த்த மாணவர்களே அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பித்துவிட்டான். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கிலிட்டு, அவனையும் அறுத்தார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் அங்கே நிற்கிறது. நாக்ஸ் மேல் வழக்கே இல்லை.

இதற்குப் பரிகாரமாக 1832இல் பிரிட்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். அதுவரை தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல்தான் சட்டப்படி கிடைத்தது. இனிமேல் ஏழைகள் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் செத்து, கேட்க ஆள் வராதவர்களின் உடலை எடுத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். கொலையும் கல்லறைத் திருட்டும் நின்றன, அது நல்லதுதான். ஆனால் நேற்றுவரை கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனையை இன்றைக்கு ஏழைக்குக் கொடுத்தார்கள். அங்கே ஏழை ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாரம் ஒரு பென்னி என்று போட்டு ஈமச்செலவுச் சங்கங்களில் சேர்ந்தார்கள். சோற்றுக்கு இல்லாத வீட்டிலும் அந்தப் பென்னி போகும். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. ஏனென்றால் மேட்டு லயத்து மாமா போன மாசமே தாத்தா தலைமையில் லயத்து ஜனங்கள் கோயிலில் கூடி மரண சகாய சங்கம் ஆரம்பித்தார்கள். தலைக்கு ஐம்பது காசு. தகரப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. லண்டன் ஏழையைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. பயம் ஒன்றுதான்.

இப்போது உன் அலமாரியில் இருக்கிற கிரே உடற்கூறு புத்தகத்துக்கு வருகிறேன். 1858இல் வந்த அதன் முதல் பதிப்புக்கு ஹென்றி கிரேயும், படம் வரைந்த கார்ட்டரும் லண்டனில் அறுத்துப் பார்த்த உடல்கள் அந்தச் சட்டத்தின்படி வந்தவை. ஏழைகள் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்க ஆளில்லாமல் செத்தவர்கள். கார்ட்டர் அதே வருஷம் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். 1847இல் வந்தவர். தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேல். அவரும் அவர் மாணாக்கர்களும் கிரே முதலானவர்களின் நூல்களிலிருந்து தமிழாக்கி 1872இல் கொண்டுவந்த புத்தகத்துக்குப் பேர் "மனுஷ அங்காதிபாதம்".

அந்தப் பேரைச் சொல்லிப் பார். தலைவியின் அழகைக் கூந்தலிலிருந்து பாதம் வரை வரிசையாகப் பாடுவதைக் கேசாதிபாதம் என்று நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உடற்கூறுக்கு ஒரு சொல் வேண்டியபோது அவர்கள் பாட்டின் வாசலில் போய் நின்றார்கள். உடலியங்கியலுக்குச் சுகரணம் என்று வைத்தார்கள். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று புத்தகம் புத்தகமாக வந்தன. நம் தோட்டத்து டிரசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டு அலமாரியில் பாட்டனார் காலத்து அங்காதிபாதம் ஒன்று இருந்தது. தாள் பழுத்து, ஓரம் உதிரும். தாத்தாவுக்கு அதிலிருந்து வாசித்துக் காட்டுவார். தாத்தா படித்தது நாலாவதுதான். ஆனாலும் ஒரு கைவிரல் வெட்டுப்பட்டு வந்தால் நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே அழுத்திக் கட்டினால் ரத்தம் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பால் வெட்டுகிறவர்களின் எத்தனை விரலைக் காப்பாற்றியிருக்கிறார்!

நினைத்துப் பார், கண்ணு. பேர் தெரியாத லண்டன் ஏழை ஒருவரின் கையை யாரோ அறுத்துப் பார்த்தார்கள். அது எழுத்தாகி, மானிப்பாயில் தமிழாகி, கடல் தாண்டி ஜொகூர் ரப்பர் தோட்டத்துக்கு வந்து நம் ஆட்களின் விரலைக் காத்தது. அந்த ஏழைக்கு அநியாயம் நடந்தது. நமக்கு நன்மை நடந்தது. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது பொய்.

கல்கத்தாவையும் சொல்லிவிடுகிறேன். 1835இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த வருஷம் பண்டிதர் மதுசூதன் குப்தா, தலைமுறையாக ஆயுர்வேதம் பார்த்த சாதியில் பிறந்தவர், பிணத்தைத் தொட்டுக் கத்தி வைத்தார். அன்றைக்குக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று சொல்வார்கள். அவருக்குப் படம் வரைந்து கல்லூரியில் மாட்டினார்கள். அவர் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தீட்டு என்ற ஒரு வார்த்தை எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் 1837இல் அந்தக் கல்லூரியில் 60 உடல்களை அறுத்தார்கள், அடுத்த வருஷம் அதைப்போல் இரண்டு மடங்கு, 1844இல் ஐந்நூறுக்கும் மேல். அவர்களில் ஒருவருடைய பேராவது எங்காவது இருக்கிறதா? அதே நகரத்திலிருந்துதான் பிற்பாடு உலகம் பூராவுக்கும் எலும்புக்கூடு ஏற்றுமதியானது. ஆற்றங்கரையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கி, சுத்தம் பண்ணி, கம்பி கோத்து, பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். எத்தனையோ தேசத்து டாக்டர்கள் அந்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பரீட்சை எழுதினார்கள். 1985இல்தான் இந்திய அரசாங்கம் ஏற்றுமதியைத் தடை செய்தது. உன் பெட்டியில் இருப்பது பிளாஸ்டிக் எலும்பு என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குப் புரிந்திருக்காது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் 1974இல் மனிதத் திசுச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். தன் உடலை மருத்துவப் படிப்புக்குக் கொடுக்க விரும்புகிறவர் எந்தக் காலத்திலும் எழுதிக் கொடுக்கலாம்; எழுதாவிட்டால், கடைசி நோயில் கிடக்கும்போது இரண்டு சாட்சி முன்னால் வாயால் சொன்னாலும் போதும். ஆகையால் உன் ஐயா சரி என்று சொல்லியிருக்கக்கூடும். ஆனால் நீ அதை என்னிடம் கேட்காதே. உன் ஆசிரியரிடம் கேள். மரியாதையாக, தனியாகப் போய்க் கேள். பேரைச் சொல்ல மாட்டார்கள். எப்படி வந்தார் என்றாவது சொல்லலாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்படாதே. இத்தனை நூறு வருஷத்தில் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012இலிருந்து மௌன ஆசான் என்று ஒரு திட்டம் நடக்கிறதாம். தைவானில் சூ சி என்ற பௌத்த அமைப்பின் பல்கலைக்கழகம் தொடங்கிய வழி அது. மாணவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன், உடலைக் கொடுத்தவருடைய குடும்பத்தாரைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவர் என்ன வேலை பார்த்தார், என்ன பிடிக்கும், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எல்லார் முன்னாலும் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு தையல்கூட விடாமல் தைத்து, துணி உடுத்தி, குடும்பத்தோடு சேர்ந்து வழியனுப்புகிறார்கள். இதைப் படித்த அன்று நான் அழுதேன். சந்தோஷம்தான். அந்தப் பேரேட்டில் "இல்லை" என்று எழுதிய கட்டத்தில் இப்போது ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நானும் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்பாய். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு வாய்க்கரிசி வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கிறது. கொடுத்தவர்கள் என்னைவிடப் பெரிய மனசுக்காரர்கள். அதனால்தான் உன் ஐயா கொடுத்தவராக இருந்தால், அவர் எதையெல்லாம் விட்டுக் கொடுத்தார் என்று நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீர்மாலை, கோடித்துணி, வாய்க்கரிசி, பதினாறாம் நாள் எதையும் உரிய நேரத்தில் வாங்கிக்கொள்ளாமல் வந்து படுத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகளும் இன்னும் காத்திருப்பார்கள். கொடுக்காமல் வந்தவராக இருந்தால், எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கும்.

பாட்டியின் அந்தக் கோடி வேட்டியை அப்புறம் யாரும் உடுத்தவில்லை. டிரங்குப் பெட்டியில் ஏழெட்டு வருஷம் கிடந்தது. பிறகு கீழ் லயத்தில் இன்னொரு தனிக்கட்டை செத்தபோது, சங்கத்துக் காசில் பாடை கட்டினார்கள். பாட்டி பெட்டியைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாயில் முதல் அரிசியைப் போட்டது தாத்தா. இரண்டு பிடி போட்டார். ஏன் இரண்டு என்று யாரும் கேட்கவில்லை.

வருஷக் கடைசியில் உங்கள் கல்லூரியில் உன் ஐயா மாதிரி வந்தவர்களை வழியனுப்ப ஏதாவது செய்வார்களா என்று விசாரித்துச் சொல். வெளி ஆட்களை விடுவார்களா என்றும் கேள். விடமாட்டோம் என்றால் வாசலில் நிற்கிறேன், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். தேதி தெரிந்ததும் இரண்டு நாள் முன்னாடியே போன் பண்ணு. பக்கத்து வீட்டில் கோழிக்குத் தீனி போடச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

ரசப்பொடியும் ஊறுகாயும் உன் அப்பனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கையில் வாடை போக எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவு.

அன்புடன்,
உன் அத்தை